கடைக்குப் போகாத மாதம்

ஆவாரங்குடியில் லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த பால்துரையின் வண்டி, ஆனி மாதத்தில் ஒரு நாள், உப்பு மூட்டைகளைச் சுமந்துகொண்டு ஓடைப்பாலத்து ஏற்றத்தில் ஏறும்போது இருமி இருமி நின்றுபோனது; மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு இஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும், எப்படியும் ஒரு மாசம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனான்; பால்துரை வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்தச் சட்டையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி தங்கபுஷ்பம் சமையலறைக்குள் போய் அலமாரிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும் கைக்கு எட்டிய ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, முகர்ந்து, குலுக்கிப் பார்த்து மூடிவிட்டு இறங்கி வந்தாள்.

"இந்த மாசம் கடைக்குப் போக வேண்டாம். வீட்டுல இருக்கிறதையே ஆக்கித் தின்போம்" என்றாள்.

"என்ன இருக்கு அதுல?" என்றாள் பிளஸ் டூ படிக்கும் மகள் தாரணி.

"எல்லாம் இருக்கு. நாமதான் பாக்கல."

அவள் சொன்னது உண்மைதான். எந்த வீட்டு அலமாரியிலும் முன்வரிசையில் நிற்பதுதான் தினசரி சோற்றுக்கு வரும். அதற்குப் பின்னால், கைக்கு எட்டாத இருட்டில், ஊருக்குப் போனவர்கள் கொண்டுவந்து கொடுத்ததும், ஊரிலிருந்து வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனதும், கல்யாண வீட்டுப் பையில் வந்ததும், கோவில் கொடைக்குப் போன இடத்தில் முந்தானையில் முடிந்துவிட்டதும், "இருக்கட்டும், ஆகும்" என்று உள்ளே தள்ளப்பட்டு, வருஷக்கணக்காகத் தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டிருக்கும். ரேஷன் அரிசி டிரம்மில் இருந்தது. புளி இருந்தது. தங்கபுஷ்பம் கையை உள்ளே விட்டு முதலில் தட்டுப்பட்ட பொட்டலத்தை எடுத்தாள். சீனியவரைக்காய் வத்தல். பால்துரையின் அக்கா பேச்சிக்கனி போன வருஷம் கொடுத்துவிட்டது.

மறுநாள் அந்த வத்தலை வறுத்துப் புளிக்குழம்பில் போட்டு, குழம்பு கொதித்து எண்ணெய் மேலே மிதந்து வருகிற நேரத்தில், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பேச்சிக்கனி நின்றுகொண்டிருந்தாள். காலில் தோட்டத்து மண் காய்ந்திருந்தது. கையில் களைக்கொத்து.

"வாங்க மதினி."

"ஏன் வந்தேன்னு மட்டும் கேக்காத புஷ்பம். காலையில மொளகாத் தோட்டத்துக்குத்தான் கெளம்புனேன். ரோட்டுக்கு வந்ததும் ஒரு பசி வந்திச்சு பாரு, சின்னப் பிள்ளையில வந்த மாதிரி ஒரு பசி. காலு தோட்டத்துப் பக்கம் திரும்பவே மாட்டேங்கு. பஸ்ல ஏறிட்டேன்."

தங்கபுஷ்பம் களைக்கொத்தை வாங்கிக் கதவோரம் சாத்திவிட்டு இலை போட்டாள். பேச்சிக்கனி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள், குழம்பை வழித்து நக்கினாள், "இது நான் குடுத்த வத்தல்லா?" என்று கேட்டாள், ஆமாம் என்றதும் தன் கைப்பக்குவத்தைத் தானே மெச்சிக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். போகும்போது மடியிலிருந்த நாலைந்து மிளகாய்ப் பழங்களை அடுப்புத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் நெத்திலிக் கருவாடு. அது பால்துரையின் சேக்காளி பிச்சையா கொடுத்தது; அவன் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன். கருவாட்டை மண் போக அலசிக் கொல்லையில் காய்த்த கத்திரிக்காயோடு சேர்த்து வேகவைத்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் பெரிய ஹாரன் சத்தம் கேட்டது. அவர்கள் குடியிருந்த கிணற்றடித் தெருவுக்குள் அதுவரை எந்த லாரியும் நுழைந்ததில்லை. இரண்டு பக்கத்துச் சுவர்களிலும் உரசாமல் அதை எப்படிக் கொண்டுவந்தான் என்பது பிச்சையாவுக்கே தெரியவில்லை. "பைபாஸ்ல நேராப் போய்க்கிட்டிருந்தேன் மாப்ளே, பசி வந்து ஸ்டியரிங்கைத் திருப்பிட்டு" என்றான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, பட்டறையில் கிடக்கும் வண்டியைப் பற்றி விசாரித்தான். தனக்குத் தெரிந்த பட்டறையில் இஞ்சின் சாமான்கள் கழற்றினது கிடைக்கும் என்றும், தானே கொண்டுவந்து போடுவதாகவும் சொல்லிவிட்டு, வந்த மாதிரியே லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனான்.

அதற்கடுத்த நாள் தாரணிதான் அதை வாய்விட்டுச் சொன்னாள்.

"யாரு குடுத்ததை நீ ஆக்குறியோ அவங்க வாராங்கம்மா."

தங்கபுஷ்பம் அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கி யோசித்தாள். "அப்படித்தான் தெரியுது" என்றாள். "அப்ப நாளையிலருந்து ஒலையில கூட ஒரு ஆழாக்கு போடணும்."

அவள் அதற்கு மேல் அதைப் பற்றி எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. கிணற்றடித் தெருவும் கேட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரி தெருமுக்குக்கு எப்போது வரும் என்பது தெரியாமலே குடத்தோடு நிற்கப் பழகிய தெரு அது; எது வந்தாலும் முதலில் குடத்தை வைத்துப் பிடித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசும். அவர்கள் கேட்டதெல்லாம் காரியத்துக்கு ஆகிற கேள்விகள். காசு கொடுத்து வாங்கின சாமானுக்கு ஆள் வருமா? வராது, காசு வாங்கினபோதே கணக்குத் தீர்ந்துவிட்டது. பாதியைச் சமைத்தால்? வருகிறவர் பாதி வயிற்றோடு போவார், அது பாவம், முழுசாகச் சமைத்துவிட வேண்டும். வரக்கூடாத ஆள் கொடுத்ததென்றால்? பூனைக்கும் போடக் கூடாது, மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட வேண்டும். இப்படித் தெருக்குழாயடியில் நின்று பேசிப் பேசியே அதற்கு ஒரு முறை வந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் அலமாரிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறினாள். கறிக்கு என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு யார் என்று கேட்டுக்கொண்டார்கள். செத்துப்போனவர்கள் கொடுத்ததைச் சமைத்தாலும் யாராவது ஒருவர் வந்தார். அதே தெரு வள்ளிமயில் வீட்டில் அவள் அப்பா கடைசியாக வாங்கித் தந்த கருப்பட்டியைப் பணியாரத்துக்கு உடைத்தபோது, அறிமுகமே இல்லாத ஒரு வாலிபன் வாசலில் வந்து நின்று பசிக்கிறது என்றான். விசாரித்தால் அவளுடைய அப்பாவின் சேக்காளிக்குப் பேரன். சிரிக்கும்போது அவளுடைய அப்பா சிரித்த மாதிரியே தலையைச் சாய்த்துச் சிரித்தான்.

தேர்தல் சமயத்தில் வார்டு உறுப்பினர் குணசீலன் வீட்டுக்கு வீடு கொடுத்த வெல்லம் எல்லார் வீட்டிலும் இருந்தது. அவருடைய படம் போட்ட மஞ்சள் பையில் கட்டியாகக் கிடந்த அந்த வெல்லத்தை, முதலில் தங்கபுஷ்பம்தான் பாசிப்பருப்புப் பாயசத்துக்குத் தட்டிப் போட்டாள். ஜெயித்த நாளிலிருந்து அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டாத குணசீலன், வெள்ளை வேட்டி காற்றில் படபடக்க, கூட ஒரு ஆளும் இல்லாமல், வேகு வேகென்று நடந்து வந்து, "அம்மா, ஒரு வாய் பாயசம் இருந்தாக் குடுங்க" என்று கும்பிட்டு நின்றார். டம்ளரைக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை தெருப் பெண்கள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள். குடித்து முடித்ததும் கூட்டிக்கொண்டு போய், விளக்கு எரியாத கம்பத்தையும், உடைந்த சாக்கடை மூடியையும் காட்டினார்கள். பார்க்கிறேன் என்றார். பார்க்கவில்லை. மறுநாள் வள்ளிமயில் வீட்டில் வெல்லம் போட்டுக் கொழுக்கட்டை பிடித்தார்கள். அவர் வந்தார். அதற்கு மறுநாள் எதிர்வீட்டில் அதிரசம். அவர் வந்தார். வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டு சமைத்தார்கள். அவரும் தினந்தோறும் வந்து, தினந்தோறும் தின்று, தினந்தோறும் கம்பத்தைப் பார்த்தார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்குத் தொப்பை போட்ட பிறகு, டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொன்ன பிறகு, ஒரு காலையில் ஏணியோடு ஆட்கள் வந்து விளக்கைப் போட்டார்கள், மூடியைப் போட்டார்கள். அத்தோடு தெருக்காரர்கள் மிச்சமிருந்த வெல்லத்தைப் பத்திரமாகக் கட்டி மேல்தட்டில் வைத்துவிட்டார்கள். மழைக்காலம் வரப்போகிறது, ரோடு போட வேண்டும்.

இதில் வருத்தப்பட்டவர் மளிகைக்கடை தவசிக்கனி அண்ணாச்சி ஒருத்தர்தான். தெருமுக்கில் கடை. பெண்டாட்டி பிள்ளைகள் சொந்த ஊரில் இருக்க, இவர் கடைக்குள்ளேயே படுத்து, ஹோட்டல் பொட்டலத்தைச் சாப்பிட்டு, காலை வெயில் ஏறுவதற்குள் கடையைத் திறந்துவிடுவார். தெருவே அலமாரியைத் துழாவிச் சமைக்க ஆரம்பித்ததும் அவருடைய தராசு அசையாமல் நின்றது. பருப்பு மூட்டைமேல் பூனை படுத்துத் தூங்கியது. போகிற வருகிறவர்களிடமெல்லாம், "அந்தத் தங்கபுஷ்பம் செஞ்ச வேலை. நான் போயி நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கத்தான் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் அவர் கிளம்பியே விட்டார். கடையை அடைக்கவில்லை. சீனி அள்ளுகிற கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

"என்னம்மா நெனச்சிக்கிட்டிருக்க?" என்று வாசலில் நின்று சத்தம்போட்டார். "எல்லாரும் இருக்கிறதையே ஆக்கித் தின்னா நான் கடையை வச்சி என்ன செய்ய?" அடுத்ததாக ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்தி, மூக்கை உறிஞ்சினார். அவருடைய குரல் இறங்கிப் போனது. "என்ன ரசமா?"

"ரசந்தான் அண்ணாச்சி. உக்காருங்க."

"நான் சண்டைக்கு வந்தேன்."

"சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க."

அவர் கரண்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கவளத்தில் அவருக்குக் கண் கலங்கியது. மிளகு காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். இரண்டாவது தடவை ரசம் ஊற்றும்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப நான் குடுத்த எதையோ ஆக்கியிருக்க. நான்தான் யாருக்கும் சும்மா ஒண்ணும் குடுக்க மாட்டேனே!"

"குடுத்தீங்க அண்ணாச்சி. கடைக்குப் புதுசா வெள்ளையடிச்ச அன்னைக்கு, முதல் போணின்னு சொல்லி, கட்டிப் பெருங்காயத்துல ஒரு துண்டை ஒடைச்சி என் கையில வச்சீங்க. அதைத்தான் இன்னைக்குத் தட்டிப் போட்டேன்."

அண்ணாச்சி இலையை மடக்கினார். ஒரு துண்டு பெருங்காயம் கொடுத்தது அவருக்கு ஞாபகமே இல்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்து, சண்டையைப் பற்றி ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மறுநாளிலிருந்து அவர் கடைக்கு வந்தவர்களெல்லாம் எதையாவது சும்மா வாங்கிக்கொண்டு போனார்கள். கிராம்பு ஒரு சிட்டிகை, இல்லாவிட்டால் ஏலக்காய் நாலு, இல்லாவிட்டால் சுக்குத் துண்டு. "வச்சிக்கோம்மா. என்னைக்கு ஆக்குவீங்கன்னு சொல்ல வேண்டாம், எனக்கே தெரிஞ்சிரும்" என்பார். ஹோட்டல் பொட்டலம் வாங்குவதை அதோடு விட்டுவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி கடையில் வாங்கி, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி அடுத்த தெருவிலிருந்த தன் அத்தைக்குக் கொடுத்தாள். என்றைக்காவது ஒரு நாள் மத்தியானம் பசி வந்து கூட்டிப்போக ஒரு வீடு இருக்கட்டும் என்று ஆளாளுக்கு அள்ளிக் கொடுத்ததில், அண்ணாச்சியின் தராசு முன்னைவிட வேகமாக ஆடியது. பூனை வேறு இடம் பார்த்துக்கொண்டது.

இத்தனை கலகலப்பிலும் ஸ்டூல் போட்டு ஏறாத வீடு ஒன்று இருந்தது. தங்கபுஷ்பம் வீட்டுக்குப் பக்கத்து வீடு. அங்கே இருந்த சகாயமேரி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறவள். ஒரே மகன் ஜெரால்டு, பூனாவில் வேலை. அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அவன் போனில் சொன்ன அன்று, "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்று சகாயமேரி சொன்னாள். அவனும் அம்மா பிள்ளைதான், ரோஷக்காரன், மிதிக்கவில்லை. போனும் நின்றுபோனது. பிறகு நம்பரே மாறிப்போனது.

ஒரு நாள் வேலை விட்டு வந்தவள் நேராகத் தங்கபுஷ்பத்தின் சமையலறைக்குள் வந்து, முந்தானைக்குள்ளிருந்து ஒரு சேமியா பாக்கெட்டை எடுத்து மேடைமேல் வைத்தாள். ஓரமெல்லாம் மங்கிப்போய், ஆனால் பிரிக்காமல் இருந்தது.

"மொதச் சம்பளத்துல வாங்கிட்டு வந்தான். பாயசம் வைம்மான்னான். அடுத்த லீவுக்கு வரட்டும்னு வச்சேன். அதுக்குள்ள சண்டை வந்திட்டு."

"வைக்கட்டுமா அக்கா?"

"வேண்டாம்." பாக்கெட்டை எடுத்து மறுபடியும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "வள்ளிமயில் வீட்டுக்கு வந்தது அவ அப்பாவா? வேற யாரோதான வந்தாங்க. நம்பரு மாத்திட்டான், சேதி கெடையாது. நான் பாயசத்தை வச்சி, வாசல்ல வேற யாராவது வந்து நின்னா நான் என்ன செய்வேன் புஷ்பம்? இப்ப அவன் எங்கயோ இருக்கான்னு நெனச்சிக்கிட்டாவது இருக்கேன்."

தங்கபுஷ்பம் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"குடுத்த சாமானை ஆக்காம வச்சிருந்தா அது நம்மளையே பாத்துக்கிட்டிருக்கும் அக்கா" என்றாள் கடைசியில். "நீங்க வைக்க வேண்டாம். நான் வைக்கேன். நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க, போதும்."

சகாயமேரி அன்றைக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில், ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு, தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, பாக்கெட்டோடு வந்து நின்றாள். தங்கபுஷ்பம் அதைப் பிரித்து முறத்தில் கொட்டி வண்டு பார்த்தாள். வெயிலில் சற்று நேரம் உலர்த்தி, நெய்விட்டுப் பொன்னிறமாக வறுத்தாள். எதிர்வீட்டிலிருந்து பால் வந்தது. அண்ணாச்சி முந்திரியும் ஏலக்காயும் கொடுத்தனுப்பினார். சும்மா கொடுத்தால் தானும் பந்தியில் வந்து உட்கார நேரிடும் என்று யோசித்து, அன்றைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். பாயசம் கொதிக்கத் தொடங்கியது. எல்லோரும் தங்கள் தங்கள் வாசலில் ஏதோ வேலை இருக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள்.

வெயில் உச்சிக்கு வந்த சமயத்தில் தெருமுக்கில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். வடக்கத்திச் சாயல், தலையில் துப்பட்டா, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கதவுகளைப் பார்த்துக்கொண்டே தயங்கித் தயங்கித் தெருவுக்குள் வந்தாள். அவள் மட்டும்தான் வந்தாள்.

சகாயமேரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "வேற ஆளு" என்றாள். "புஷ்பம், வேற ஆளு வந்திருக்கு." அப்படியே சரிந்து வாசப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தங்கபுஷ்பம் கையிலிருந்த கரண்டியோடு அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

அந்தப் பெண் நேராக அவர்கள் முன்னால் வந்து நின்று, சகாயமேரியின் முகத்தை உற்றுப் பார்த்து, பழகாத தமிழில், "அம்மா... பசி" என்றாள்.

அப்போதுதான் தெருமுக்கில் ஆட்டோக்காரனோடு சத்தம் கேட்டது. "இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு கேட்டா எப்படிண்ணே? நானும் இந்த ஊர்க்காரன்தான்!" இரண்டு கைகளிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பேரம் படியாத கோபத்தில் முனகிக்கொண்டே ஜெரால்டு வந்துகொண்டிருந்தான்.

சகாயமேரி எழுந்த வேகத்தை அதற்குப் பிறகு தெருவில் பலநாள் பேசினார்கள். ஓடிப்போய் அவனை முதுகில் அறைந்தாள். "நம்பர மாத்துனியே, என்ன தைரியம்!" என்று அறைந்தாள். பிறகு பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பிறகு அவனை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கி, அதன் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எங்க வீட்டுக் காது" என்று எல்லோருக்கும் காட்டினாள்.

எப்படிக் கிளம்பினாய் என்று கேட்டதற்கு ஜெரால்டு, முந்தாநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வரும்போது தனக்கும் தன் மனைவிக்கும் ஒரே நேரத்தில் அப்படியொரு பசி வந்ததென்றும், எதைத் தின்றும் அடங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேறிவிட்டதாகவும் சொன்னான். முந்தாநாள் சாயங்காலம்தான் சகாயமேரி பாக்கெட்டை மேடைமேல் வைத்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பி எடுத்துக்கொண்டது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தூரத்து ஆள் என்றால் முன்னாடியே கிளம்பினால்தானே வந்துசேர முடியும்.

மாதம் முடிந்தது. பிச்சையா கொண்டுவந்த சாமான்களைப் போட்டு இஞ்சின் ஓடத் தொடங்கியது. பால்துரை ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய், வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். தங்கபுஷ்பத்துக்குத்தான் ஒரு குறை. காலி செய்ய வேண்டும் என்று தொடங்கின அலமாரி, வந்தவர்களெல்லாம் வைத்துவிட்டுப் போனதில் முன்னைவிட நிறைந்து கிடந்தது. "இத்தனைக்கும் ஆள் வந்தா நான் அண்டாவுலதான் ஒலை வைக்கணும்" என்று புலம்பிக்கொண்டே, எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துத் தட்டுகளைத் துடைத்தாள். கீழ்த்தட்டில், சுவரோடு ஒட்டி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருந்தது. மூடி துருப்பிடித்திருந்தது. உள்ளே மணத்தக்காளி வத்தல், கறுப்பாக, உருண்டையாக, வாசம் போகாமல்.

"இது யாரு குடுத்தது?"

பால்துரைக்குத் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டதில் பேச்சிக்கனி தான் இல்லை என்றாள். சகாயமேரி இல்லை. வள்ளிமயில் இல்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் பாட்டில் சுற்றி வந்தது, ஒருவரும் தன்னது என்று சொல்லவில்லை. குணசீலனாக இருக்குமோ என்றுகூடக் கேட்டார்கள். அவர் இப்படியெல்லாம் யோசித்துக் கொடுக்கிற ஆள் இல்லை என்று முடிவானது.

"ஆக்குனாத்தான தெரியும்" என்றாள் தாரணி.

மறுநாள் தங்கபுஷ்பம் நல்லெண்ணெயில் அந்த வத்தலைப் பொரித்து, சின்ன வெங்காயத்தை உரித்துப் போட்டுக் குழம்பு வைத்து இறக்கினாள். சோறும் வடித்தாயிற்று. யார் வந்தாலும் உட்காரவைத்துவிட்டு ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, ரேஷன் கடையில் பாமாயில் போடுகிறார்கள் என்று பையை எடுத்துக்கொண்டு போனாள். வரிசை நீளமாக இருந்தது. இவள் பாதி தூரம் நகர்ந்து, முன்னால் நிற்பவளோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று நாக்கில் உப்பும் மோரும் லேசான கசப்பும் ஊறின. முன்னால் நின்றவள் ஏதோ கேட்டாள், இவள் காதில் விழவில்லை. இடத்தைப் பிடித்துவைக்கச் சொல்லவும் தோன்றாமல் வரிசையிலிருந்து விலகி நடந்தாள். பின்பு வேகமாக நடந்தாள். கிணற்றடித் தெருவுக்குள் நுழைந்தபோது கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் பால்துரை, தாரணி, குழந்தையை வைத்துக்கொண்டு சகாயமேரி, அவள் மருமகள், சீனிக் கரண்டியோடு அண்ணாச்சி என்று எல்லோரும் தெருமுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளைத் தாண்டி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"வந்தாச்சா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம், மூச்சு வாங்க.

"இன்னும் யாரும் வரல. நீ ஏன் அதுக்குள்ள வந்திட்ட? பாமாயில் போடலையா?"

"போடுதாங்க. ஏன் வந்தேன்னு தெரியல. வரிசையிலதான் நின்னேன். ஒரு பசி வந்திச்சு பாருங்க..."

சொல்லும்போதே நிறுத்திக்கொண்டாள். அந்த மாதம் முழுக்க அந்த வாசலில் நின்று ஒவ்வொருத்தரும் சொன்ன வார்த்தை அது. தங்கபுஷ்பத்துக்கு அப்போது ஞாபகம் வந்தது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்த காலத்தில், வேலியோரம் தானாக முளைத்துக் கிடந்த மணத்தக்காளியைப் பறித்து, மோரில் ஊறவைத்து, பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்டு எடுத்தது. ஒருத்தர் சொல்லிக் கொடுக்காமல், ஒருத்தரிடம் கேட்காமல், அவளாகச் செய்த முதல் பண்டம். இருக்கட்டும், யாராவது வந்தால் ஆகும் என்று உள்ளே தள்ளியவளும் அவள்தான்.

பால்துரைதான் முதலில் அசைந்தான். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான்.

"வாங்க" என்றான். "கை கழுவிட்டு உக்காருங்க."

"என்னங்க இது, கூத்து!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறைப் பக்கம் போகத் திரும்பினாள். தாரணி குறுக்கே நின்றாள். அண்ணாச்சி இலை கொண்டுவரக் கடைக்கு ஓடினார். பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஜெரால்டின் மனைவி பாயை விரித்தாள்.

அவள் உட்கார்ந்தாள். பால்துரை சோறு வைத்தான். ஓட்டுகிறவன் கை, ஒரே இடத்தில் மலையாகக் கொட்டினான். தாரணி குழம்பை ஊற்றினாள், அது இலையைத் தாண்டி ஓடியது, தங்கபுஷ்பம் விரலால் அணை கட்டினாள். முதல் வாய் எடுத்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"எப்படிம்மா இருக்கு?"

"பேசாத" என்றாள். "சாப்பிடுதேன்லா."

நிதானமாகச் சாப்பிட்டாள். நடுவில் அப்பளம் கேட்டாள். அப்பளம் பொரித்தார்கள், ஒன்று கருகியது, வேறு கேட்டாள். குழம்பில் உப்பு ஒரு கல் கம்மி என்றாள், வைத்தது யாரோ என்பதுபோல. இன்னும் கொஞ்சம் சோறு என்று இலையைத் தட்டிக் காட்டியபோது பால்துரை பானையோடு ஓடி வந்தான். சாப்பிட்டு முடித்ததும் அவள் இலையை எடுக்கப் போக, சகாயமேரி அதட்டி உட்காரவைத்தாள். அவள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டாள். வெற்றிலை போட்டு வாய் சிவந்ததும், தெருவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எல்லோரையும் ஒவ்வொன்றாக விசாரித்தாள்.

விருந்தாளி அன்று விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் கிளம்பவே இல்லை.